மூடி டப்பாக்காரர்

கூடைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து, காதோரம் வைத்து மூடியை அழுத்துகிறார். டக். திறக்கிறார். மறுபடியும் டக். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். மூன்றாவது டப்பாவின் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுவும் மற்ற இரண்டைப் போலத்தான் கேட்டது. "இது பேசல சார், முனகுது," என்று சொல்லி மூலையில் கிடக்கும் சாக்கை நோக்கி வீசுகிறார். பிறகு மெஷினின் பக்கவாட்டுக்குப் போய் ஒரு திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்பிவிட்டு, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த டப்பா வந்து விழும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

எங்கள் சந்தில் எல்லாரும் அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். நான் பிழை திருத்தும் அச்சகத்துக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே அரவை மெஷின் ஓட ஆரம்பித்தால் இங்கே என் மேஜையில் பேனா உருளும். பட்டறையின் முக்கியமான சரக்கு, மருந்துக் கடைகளில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் வெள்ளை டப்பா. உள்ளங்கை அளவு. மூடியும் பெட்டியும் ஒரே துண்டு. ஆணி கிடையாது, கம்பி கிடையாது, பசை கிடையாது. தாள் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தோல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மாத்திரை தீர்ந்த பிறகு வீடுகளில் அதில் ஊசி போட்டு வைக்கிறார்கள், பட்டன் போட்டு வைக்கிறார்கள், விழுந்த பல்லைக்கூடப் போட்டு வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை என்பதில் ஆபரேட்டருக்குப் பெருமை. முதலாளிக்கு அதுவே வருத்தம்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். முன்கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை வரும். குளித்தாலும் போகாது என்கிறார். கையில் எந்த பிளாஸ்டிக் சாமான் கிடைத்தாலும் உடனே கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். அங்கே முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஐந்து என்றால் முகம் மலர்ந்துவிடும். "அஞ்சு. நம்ம ஆளு." ஒருமுறை தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்கப் போனவர், கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் பார்த்து அறை முழுவதும் தண்ணீர் ஆக்கிவிட்டு வந்தார். "வாளியில தண்ணி இருந்தது தெரியலயா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுது சார். ஆனா நம்பர் தெரியலயே."

அந்த ஐந்தாம் நம்பரைப் பற்றி அவர் பேசுவது, சொந்தத்தில் ஒரு நல்ல பையனுக்கு வரன் பேசுவது போல இருக்கும். "பீ.பீ.ன்னா பாலிப்ரொப்பிலீன். பவுசு காட்டாத சாமான் சார். கண்ணாடி மாதிரி மினுக்காது. ஆனா கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க, அசையாது. ஆசிட்ட ஊத்துங்க, ஏன்னு கேக்காது. அதனாலதான் கார் பேட்டரிக்குப் பொட்டி அதுல செய்யறான். ஆஸ்பத்திரில ஊசி குழாய் அதுதான். சாக்கு அதுதான், கயிறு அதுதான், நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலியும் அதுதான். வெயில்தான் ஆகாது. வெயில்ல போட்டு வெச்சா தொட்டதும் பொடிப்பொடியா உதிரும். கடுங்குளிரும் ஆகாது, வெடிச்சிடும். நிழல்ல, மனுசங்க கூடவே வெச்சிருந்தா நம்மளத் தாண்டியும் இருக்கும்."

மெஷின் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மேலே ஒரு கூம்பில் அரிசி மணி போன்ற வெள்ளைக் குருணையைக் கொட்டுகிறார்கள். உள்ளே அது உருகித் தேன் பதத்துக்கு வந்து, இரும்பு அச்சுக்குள் பாய்ந்து, குளிர்ந்து, அச்சு இரண்டாகப் பிளந்ததும் நான்கு டப்பாக்கள் ஒரே காம்பில் காய்த்தது போலச் சேர்ந்து விழும். அச்சுக்கு அவர்கள் பாஷையில் டை என்று பெயர். விழுந்ததும் எதிர் மேஜையில் இருக்கும் ஆள் காம்பை ஒடித்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு மூடியையும் மூன்று தடவை மடக்கி விரிக்க வேண்டும். "சூட்டோட மடக்கிட்டா அந்தத் தோலு உள்ளுக்குள்ள நாரு நாரா ஆயிடும் சார். அப்புறம் எத்தன தடவ திறந்து மூடினாலும் விடாது. ஆற விட்டு மடக்கினீங்க, வெள்ளையா ஒரு கோடு விழும். என்னிக்காவது ஒருநாள் மூடி உங்க கையில இருக்கும், டப்பா தரையில இருக்கும்."

ஒடித்த காம்புகளும், முனகுகிற டப்பாக்களும் மூலைக்குப் போகும். அங்கேதான் என் பேனாவை உருட்டுகிற அரவை மெஷின் இருக்கிறது. பழைய சாமான்காரர் கொண்டு வருகிற உடைந்த நாற்காலி, காது போன வாளி, மூடி தொலைந்த டிபன் டப்பா எல்லாம் அதற்குள் போய்ச் சில்லுகளாக வெளியே வரும். பிறகு சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் அந்தச் சில்லுகளைக் கொட்டி அலசுவார்கள். ஐந்தாம் நம்பர் மிதக்கும், தண்ணீர் பாட்டில் துண்டுகள் அடியில் போய்விடும். பால் கேன் வகையான இரண்டாம் நம்பரும் மிதக்கிற ஜாதிதான். "அது சித்தப்பா பையன் மாதிரி சார். முகம் ஒண்ணு, குணம் வேற. அரைக்கறதுக்கு முன்னாடியே பொறுக்கிடணும்." மிதந்ததை வலையால் அள்ளி, காயவைத்து, இரண்டாவது மெஷினில் போட்டுப் பூந்தொட்டி செய்கிறார்கள். எத்தனை நிறம் உள்ளே போனாலும் கலந்து உருகினால் சேற்று நிறம்தான் வரும் என்பதால் கறுப்புப் பொடி சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவை உருகும்போதும் கொஞ்சம் தெம்பு குறையுமாம். அதனால் அரைத்த மால் டப்பாவுக்கு ஆகாது. தொட்டிக்கு ஆகும். "தொட்டியும் உடைஞ்சா?" என்று கேட்டேன். "அப்பவும் தொட்டிதான். கொஞ்சம் தடிமனா."

அந்த எதிர் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷமாக அதில் ஓர் அம்மா வேலை செய்தார். கணவர் இறந்த பிறகு, மகளைப் படிக்க வைப்பதற்காக வந்து சேர்ந்தவர். கையுறை போட்டால் சூடு தெரியாது, சூடு தெரியாவிட்டால் எப்போது மடக்குவது என்று தெரியாது என்று வெறும் விரலாலேயே மடக்குவார். பெரிய குரல். சந்து முழுவதையும் "அண்ணே" போட்டுத்தான் பேசுவார். டீக்கடைக்காரர் அண்ணே, லாரிக்காரர் அண்ணே, பழைய சாமான்காரர் அண்ணே, அவரைவிடப் பத்து வயது குறைந்த எங்கள் அச்சக முதலாளியும் அண்ணே. நானும் அண்ணேதான்.

மெஷின் ஓடும்போது பட்டறையில் பேச்சு எடுபடாது. ஆகவே ஆபரேட்டரும் அந்த அம்மாவும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். காதைத் தொட்டால் போன் வந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. டப்பாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினால் மாலில் ஏதோ கோளாறு. மத்தியானம் மெஷினை நிறுத்தியதும் இருவரும் அந்த மேஜையிலேயே டப்பாக்களை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். அந்த அம்மா தினமும் அவித்த முட்டை ஒன்று கொண்டுவந்து நூலால் அறுத்துப் பாதியை இவருடைய டிபன் மூடியில் வைப்பார். இவர் பேசாமல் சாப்பிடுவார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

போன மழைக்காலத்தில் அந்த அம்மாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகள் இருப்பது ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் போக வேண்டிய பெரிய நகரத்தில். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். வேறு வழியில்லாமல் அந்த அம்மா கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார். சந்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். "வரேண்ணே, உடம்பப் பாத்துக்குங்க," என்றார் என்னிடம். கடைசியாகப் பட்டறை வாசலில் நின்று, "வரேன் ஆபரேட்டர்," என்றார். இவர் தலையை ஆட்டினார். கையில் எண்ணெய்த் துணி இருந்தது. பெட்டியைத் தூக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. டீக்கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார். "சார், போறேன்னு சொல்லல, கவனிச்சீங்களா? வரேன்னுதான் சொன்னாங்க."

"எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க, ஆபரேட்டர்?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று டம்ளரைக் கீழே வைத்தார். "மஞ்சக்கரு எனக்கு ஆகாது சார். சின்ன வயசுலேர்ந்தே ஆகாது."

இத்தனை வருஷமும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றது வந்தது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யார் கேட்டாலும், "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கெல்லாம் ஷிஃப்ட் மாறிடுச்சு," என்று சிரிக்கிறவர். தம்பி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ரேடியோ, ஜன்னலில் பலவகை மூடிகள். தம்பி பிள்ளைகள் பெரியப்பா, பெரியப்பா என்று தோளில் ஏறுவார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருநாள் டீக்கடை பெஞ்சில், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தன்னுடைய வழக்கின் ஒரே சாட்சியை என் முன்னால் நிறுத்தினார்.

"ஊரையே அண்ணேங்கறாங்க. என்னைய ஒரு தடவகூட அண்ணேன்னதில்ல சார். ஒரே ஒரு தடவகூட. ஆபரேட்டர், ஆபரேட்டர்னுதான்."

"நீங்க கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு? ஏன் என்னைய அண்ணன்னு கூப்பிட மாட்டேங்கறீங்கன்னா? நல்லாருக்கே. அப்புறம் கூப்பிட்டுட்டாங்கன்னா?"

மேஜைக்குப் புதிதாக ஓர் இளம்பெண் வந்தாள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். கை வேகம். மூன்று தடவைக்கு மூன்று தடவை சூட்டோடு மடக்குகிறாள், காம்பை இழுக்காமல் ஒடிக்கிறாள், எதிர்த்துப் பேசுவதில்லை. ஆபரேட்டர் மாதக்கணக்கில் டப்பாக்களைக் காதில் வைத்துக் கேட்டும் அவளிடம் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு குறையும் சொல்ல முடியல சார்," என்றார் என்னிடம், மிகுந்த மனக்கஷ்டத்தோடு.

கோடையில் டையின் ஒரு மூலை தேய்ந்துபோயிற்று. அதைச் செப்பனிடுகிற பட்டறை அந்தப் பெரிய நகரத்தில்தான் இருக்கிறது. லாரியில் போட்டு அனுப்பிவிடலாம் என்றார் பட்டறை முதலாளி. ஆபரேட்டர் அதுவரை முதலாளியிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. "டை என்ன மூட்டையா, தூக்கிப் போடறதுக்கு? ஒரு இடி பட்டுதுன்னா அவ்வளவும் போச்சு. நானே கொண்டு போறேன்," என்றார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்பு அது. பஸ்ஸில் போட்டுக்கொண்டு போக ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் முதலாளி ஏன் தடுக்கப்போகிறார்?

கிளம்புகிற அன்று மடிப்புக் கலையாத புதுச்சட்டை போட்டிருந்தார். டை பஸ்ஸின் வயிற்றுக்குள் போயிற்று. மடியில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பூந்தொட்டிகள். இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி, எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தார். கறுப்பு மினுமினுத்தது. "இவ்வளவு நல்ல தொட்டி நம்ம பட்டறையில செய்யறாங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்த பிறகு அந்தக் கதையை நான் ஒரு டீக்கு ஒரு துண்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

டையைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு விலாசம் விசாரித்துப் போயிருக்கிறார். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தது அந்த அம்மாவே. இடுப்பில் பேரன். கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "டை என்னாச்சு?"

"பாத்தீங்களா சார்! எப்படி இருக்கீங்க, என்ன விசேஷம், ஒண்ணும் இல்ல. டை என்னாச்சுன்னாங்க," என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், ஏதோ பெரிய உபசாரம் நடந்தது போல இருக்கும்.

பிறகு உள்ளேயிருந்து மகள் வந்திருக்கிறாள். "வாங்க மாமா, உக்காருங்க. அம்மா உங்களப் பத்தி நிறைய சொல்லிருக்காங்க," என்றாளாம். ஆபரேட்டர் உட்கார்ந்தார். ஆனால் மனசு உட்காரவில்லை. மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவர் ஆயிற்றே? வாயால் சொல்லாவிட்டாலும் வீட்டுக்குள் அண்ணன் என்று முடிவு செய்துவிட்டார்களோ? கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இதை யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பேரனைக் கொண்டுவந்து இவர் மடியில் விட்டுவிட்டு, "தாத்தா பாரு. தாத்தாகிட்ட இரு," என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஆபரேட்டர் டீக்கடை பெஞ்சில் எனக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"சார், நீங்க எழுத்து பாக்கறவரு. மாமான்னா அம்மாவோட அண்ணன்தானே?"

"அப்படித்தான். ஆனா வயசான யாரையும் மாமான்னு சொல்றதுதானே?"

"சரி. தாத்தான்னா?"

"அம்மாவோட அப்பா. இல்லன்னா அப்பாவோட அப்பா."

"அதாவது பாட்டியோட…"

"பாட்டியோட வீட்டுக்காரர்."

டம்ளரில் ஸ்பூனைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். "பாட்டியோட அண்ணனும் தாத்தாதானே சார்?"

"அவரும் தாத்தாதான்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வெச்சிருக்கான் பாருங்க," என்று, இந்த பாஷையை ஏற்பாடு செய்தவன் யாரோ அவன்மேல் கோபப்பட்டு, சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்ட டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

பூந்தொட்டிகளை அந்த அம்மா ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். எந்த நாற்காலி, எந்த வாளி இதற்குள் போயிருக்கும் என்று கேட்டாராம். எங்கே வைக்கலாம் என்று பால்கனிக்குக் கொண்டுபோனபோது, "வெயில்ல மட்டும் வெக்காதீங்க, உதிர்ந்துடும்," என்றிருக்கிறார் இவர். "செடிய வெயில்ல வெக்காம பின்ன பீரோவுக்குள்ளயா வெப்பாங்க?" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதிருக்கிறது. அந்தச் சிரிப்பை ஆபரேட்டர் என்னிடம் நடித்துக் காட்ட முயன்றார். வரவில்லை.

கையை நீட்டிக் காட்டினாராம் அந்த அம்மா. "பாருங்க ஆபரேட்டர், அந்தக் காய்ச்சுப்போன தோலெல்லாம் உரிஞ்சு புதுசு வந்துடுச்சு. இப்பல்லாம் டீ டம்ளரே சுடுது." ஆனால் வீட்டில் மூடி வைத்த எந்த டப்பா கையில் கிடைத்தாலும் மூன்று தடவை திறந்து மூடாமல் அம்மாவால் கீழே வைக்க முடியவில்லை என்று மகள் புகார் சொன்னாள். குழந்தையின் சொட்டு மருந்து வைத்திருந்தது இவர்கள் பட்டறையின் வெள்ளை டப்பாவில்தான். இவர் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். "பேசுச்சு சார்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படியிறங்குகிற இடம்வரை அந்த அம்மா வந்தார். அங்கே நின்று, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஆபரேட்டர் சொல்லிவிட்டார். அவர் யோசித்து வைத்திருந்தது இதுதான்:

"மேஜை அப்படியே இருக்கு."

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குன்னாங்களே?"

"அது இருக்கு. இருந்தாலும் மேஜை அப்படியேதான் இருக்கு."

அந்த அம்மா பேரனை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தார். "இவன் நடக்கட்டும், ஆபரேட்டர்," என்றார்.

அதிலிருந்து எங்கள் சந்தில் இவர் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். "குழந்தைங்க சாதாரணமா எப்ப நடக்கும்?" பழைய சாமான்காரரிடம் கேட்டார். லாரிக்காரரிடம் கேட்டார். டப்பா வாங்க வந்த மருந்துக் கடைக்காரரிடம், குண்டான குழந்தைகளுக்கு அதற்கு ஏதாவது டானிக் உண்டா என்று கேட்டார். ஒருநாள் ஆபரேட்டர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்த தம்பி மனைவி, என்னை அச்சகத்து வாசலுக்குக் கூப்பிட்டாள். "என்ன சார், இவரு திடீர்னு என் பிள்ளைங்க எப்ப தவழ்ந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னெல்லாம் கேக்கறாரு?" அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும் சார். அந்தக்கா போனதுலேர்ந்து இவருக்குச் சாப்பாடே இறங்கல. வாயத் தொறந்து கேட்டுட வேண்டியதுதானே? நாங்க யாராவது வேணாம்னு சொல்லப் போறோமா? இந்த வயசுல இவருக்கு ஒரு துணை வந்தா எங்களுக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட நான் எப்படி சார் இதப் பேசறது, நீங்க சொல்லுங்க." ஆபரேட்டரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காது கேளாதது போல அரவை மெஷினைப் போட்டுவிட்டார்.

குழந்தை அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அந்த அம்மா போன் செய்வார். செய்தி உடனே டீக்கடைக்கு வந்துவிடும். நிற்கிறானாம். சோபாவைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறானாம். "சோபாவ விட மாட்டேங்கறானாம் சார்," என்று ஆபரேட்டர் அலுத்துக்கொள்வார். இன்னொரு வாரம், விட்டுவிட்டானாம், ஆனால் உடனே உட்கார்ந்துவிட்டானாம். "பயப்படறான். பயப்படாம என்ன பண்ணுவான், பாவம்." அந்தக் கோடையின் கடைசியில் சட்டை தோளில் தொளதொளக்கும் அளவுக்கு அவர் மெலிந்திருந்தார். டை சரியாகித் திரும்பி வந்திருந்தது. டப்பாக்கள் தெளிவாகப் பேசின. அவர்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மத்தியானங்களில் அந்த மேஜையில் உட்காராமல், எங்கள் அச்சகத்து வாசலில் வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவருடைய சாப்பாட்டில் முட்டை இருந்தது. முழு முட்டை. நூல் கொண்டுவந்திருந்தார். அறுத்து, இரண்டு பாதியையும் மஞ்சள் கருவோடு மெதுவாகச் சாப்பிட்டார்.

போன வாரம் காலை பதினொரு மணி டீக்கு உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. அரவைச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தம். அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தப் பெரிய குரல் டீக்கடை முழுவதும் கேட்டது.

"ஆபரேட்டர், நடந்துட்டான்!"

ஆபரேட்டர் எழுந்து நின்றுவிட்டார். "எப்ப?"

"இப்பதான். சோபாவுலேர்ந்து வாசக்கதவு வரைக்கும். விழவே இல்ல."

"கால வளைக்காம வெக்கிறானா?"

"அதெல்லாம் நேராத்தான் வெக்கிறான்."

பட்டறைக்குள் மெஷின் டையைத் திறந்து மூடுவது கேட்டது. "அப்ப…" என்றார் ஆபரேட்டர்.

"அப்ப என்ன? இனிமேதான் தொல்லையே. நடக்கிறவன் நாளைக்கு ஓடுவான். பின்னாடியே ஓட ஒரு ஆள் வேணும். எனக்கு முட்டி வேற பிடிச்சுக்குது. என்னால இனிமே இந்த வீட்ட விட்டு நகர முடியும்னு தோணல, ஆபரேட்டர்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். போனிலிருந்து குழந்தை ஏதோ தட்டுகிற சத்தமும், "டேய், அதத் தொடாத," என்ற அதட்டலும் வந்தது. பிறகு அந்தக் குரல், நான் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சின்னதாகிப் பேசியது.

"இங்க பக்கத்துத் தெருவுல ஒரு கம்பெனி இருக்கு. வாளி, மக்கு எல்லாம் போடறாங்க. அஞ்சாம் நம்பர்தான், பாத்தேன். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆபரேட்டர் வேணும்னு போர்டு மாட்டிருக்கான்."

இவர் போனை வலது காதுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"பகல்ல சும்மாதானே இருப்பாங்க, ராத்திரி ஷிஃப்ட்டுக்காரங்க. அதான் சொன்னேன். கேக்குதா?"

"கேக்குது."

"சும்மாதான் சொன்னேன். வெச்சிடறேன், மறுபடி கிளம்பிட்டான்."

போன் அணைந்த பிறகும் ஆபரேட்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பவே இல்லை. டீ டம்ளரை பெஞ்சின் மேல் வைத்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். கால்சட்டை விளிம்பை இரண்டு சுற்று மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். சந்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். லாரி எதுவும் வரவில்லை. பிறகு முழங்கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு ஓடினார். பட்டறை வாசலைத் தாண்டி, அச்சகத்தைத் தாண்டி, சந்து முனையில் இருக்கிற விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடிப்போய் அதைத் தொட்டார். குனிந்து மூச்சு வாங்கினார். இரண்டு முட்டிகளையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பி, எங்களை நோக்கி மறுபடியும் ஓடிவர ஆரம்பித்தார்.